மெக்சிகோ நாணயத் தடத்தில் எட்டு நாள்

பிப்ரவரி 15, 2024, வியாழன். மெக்சிகோ நகரம்

ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது, மதியம் அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். மெட்ரோ வாசலில் ஒரு அம்மாள் பெரிய அலுமினியப் பானையில் தமால் விற்கிறார். சோளமாவை இலையில் மடித்து அவித்தது. அதையே நீள ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் பெயர் குவாஹோலோட்டா. கூட ஒரு டம்ளர் அதோலே, சோளமாவுக் கஞ்சி. இரண்டும் சேர்த்து 45 பெசோ, அன்றைய கணக்கில் நம் ரூபாயில் 220. ஒரு வேளைக்குத் தாராளம்.

மெக்சிகோ நாணயம் சேர்க்க வருகிறவர் கடையைத் தேடி ஓடுவதற்கு முன்னால், அந்த அம்மாள் திருப்பிக் கொடுக்கும் சில்லறையைப் பார்க்க வேண்டும். மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் சூரியக் கல், 1790 டிசம்பர் 17-ல் ஊரின் நடுச் சதுக்கத்தில் தோண்டியெடுத்த அஸ்டெக் கல், இன்றைய சில்லறைக்குள் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கல்லின் நடுவில் நாக்கை நீட்டியிருக்கும் சூரிய முகம் 10 பெசோவில். வெளி விளிம்பின் பாம்பு வளையம் 5 பெசோவில். இருபது நாள்களின் வளையம் 2 பெசோவில், கதிரொளி வளையம் 1 பெசோவில். பெசோவில் நூறில் ஒரு பங்கு சென்டாவோ; 50, 20, 10, 5 சென்டாவோக்களில் மிச்சப் பகுதிகள். கல்லை நேரில் பார்க்கப் போகும்போது சில்லறையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். விட்டம் 3.58 மீட்டர், எடை சுமார் 24 டன். கையிலுள்ள நாணயத்தில் எந்த வளையம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அங்கே நின்று ஒப்பிடுவது, பாடப்புத்தகத்தில் கிடைக்காத பயிற்சி.

புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சில்லறையிலேயே ஒரு முழுத் தொகுப்பு இருக்கிறது. 2008 முதல் 2010 வரை வந்த 5 பெசோ நினைவு நாணயங்கள், மொத்தம் 37. விடுதலைப் போர்க்காரர்கள் 19, புரட்சிக்காரர்கள் 18. மளிகைக்கடையில் மாற்றிக் கேட்டால் இன்னமும் வருகின்றன. முகமதிப்பிலேயே முக்கால்வாசி சேர்ந்துவிடும், கடைசி ஐந்தாறுக்குத்தான் வியாபாரியிடம் போக வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி. அபர்தாதோ தெரு

சென்னையில் தங்கசாலைத் தெரு இருப்பதுபோல் இங்கே மொனேதா தெரு. மொனேதா என்றால் நாணயம். அமெரிக்கக் கண்டத்தின் முதல் நாணயச்சாலை 1535-ல் ஸ்பானிய அரச ஆணையால் அமைந்தது, அடுத்த ஆண்டே நாணயம் அடிக்கத் தொடங்கியது. மொனேதா தெருவில் பிற்காலத்தில் எழுந்த நாணயச்சாலைக் கட்டடத்தில் இப்போது உலகப் பண்பாடுகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. நாணயம் அடிக்கும் வேலை பிறகு அபர்தாதோ தெருவுக்குப் போனது. அபர்தாதோ என்றால் பிரித்தெடுத்தல். வெள்ளிக்கட்டிக்குள் கலந்திருக்கும் தங்கத்தைப் பிரித்த இடம் என்பதால் அந்தப் பெயர். இன்று தேசிய நாணய அருங்காட்சியகம் அங்கேதான். நாணயச்சாலை 1983 முதல் சான் லூயிஸ் போத்தோசியில் இயங்குகிறது.

சேர்ப்பவருக்கு இங்கே கண்ணாடிப் பெட்டியைவிட இயந்திரங்கள் முக்கியம். வேலை நடக்கும் வரிசை இது: உருக்கி வார்ப்பது, உருளையில் தகடாக இழுப்பது, வட்ட வில்லைகளாக வெட்டுவது, சூடாக்கி இளக்குவது, கழுவுவது, விளிம்பை உயர்த்துவது, கடைசியாக அச்சு. நாணயத்தில் தெரியும் ஒவ்வொரு பிழைக்கும் இதில் ஒரு படி பொறுப்பு. மேல்தோல் உரிந்து வந்தால் வார்ப்பிலோ தகட்டிலோ கோளாறு. ஓரத்தில் பிறை போல வெட்டுப்பட்டிருந்தால், வெட்டும்போது தகடு சரியாக நகரவில்லை. படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அச்சுக்குக் கீழே வில்லை சரியாக உட்காரவில்லை. இதைப் புரிந்துகொண்டவரிடம், சுத்தியலால் தட்டிக் கெடுத்த நாணயத்தைப் ‘பிழை நாணயம்’ என்று விற்க முடியாது. அச்சுக்குப் பிறகு நடந்தது எதுவானாலும் அது சேதம்.

1732-க்கு முன்னால் அடித்தவை மக்குக்கினா, கத்தரியால் வெட்டிச் சுத்தியலால் அடித்த கோணல்மாணல் துண்டுகள். அந்த ஆண்டில் திருகு அழுத்தி வந்தது. இரண்டு தூண், நடுவில் இரண்டு உலக உருண்டை, கீழே கடல் அலை என்று எட்டு ரியால் என்ற பெரிய வெள்ளி நாணயம் வட்டமாக வெளிவந்தது. 1772-ல் தூண் போய் மன்னர் தலை வந்தது. அப்போதுதான் அரசு வெள்ளியின் தரத்தையும் சத்தமில்லாமல் குறைத்தது. 1772, 1773 நாணயங்களில் நாணயச்சாலையின் குறியும் தர ஆய்வாளரின் எழுத்துகளும் தலைகீழாக இருக்கும். தரம் மாறியது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிவதற்கான அடையாளம் அது. அந்தத் தலைகீழ் எழுத்தை லூப் என்ற சின்ன உருப்பெருக்கியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

மாலை தக்குபா தெருவிலுள்ள பொருளாதார அருங்காட்சியகம். பழைய மடாலயக் கட்டடம், மத்திய வங்கியின் நாணயத் தொகுப்பு அங்கே இருக்கிறது. இரவு சாப்பிட்ட இடத்தில் ஒரு வழக்கம் மனதில் நின்றது. உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் எல்லாரும், முன்பின் தெரியாத மேஜைகளைப் பார்த்து ‘ப்ரோவேச்சோ’ என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பதிலுக்கு ‘கிராசியாஸ்’ சொல்ல வேண்டும். வாய் நிறையச் சோறு இருந்தாலும் தலையாட்டியாவது ஆக வேண்டும்.

பிப்ரவரி 17, சனி. தியோதிவாகான்

இன்றைக்கு ஒரே ஒரு நாணயத்துக்காகப் பயணம். 1943 முதல் 1974 வரை வந்த 20 சென்டாவோ, வெண்கலம், 28.5 மில்லிமீட்டர், 10 கிராம். பின்பக்கத்தில் இந்த ஊரின் பழைய சூரியப் பிரமிடு, பின்னால் இரண்டு எரிமலைகள், முன்னால் கள்ளிச்செடி, மேலே கதிர்வீசும் விடுதலைத் தொப்பி. பிரமிடில் இப்போது ஏற விடுவதில்லை. கீழே நின்று நாணயத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால், அடுக்குகளின் கோடுகளைச் செதுக்கியவர் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் என்று தெரிகிறது. எரிமலைகள் மட்டும் புகைமூட்டத்தில் காணவில்லை.

வெள்ளிக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் இந்தச் செம்புக் காசைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மெக்சிகோவின் இருபதாம் நூற்றாண்டு நாணயங்களில் இதுதான் முதலிடம். முன்பக்கக் கழுகை வைத்து மூன்று வகை: 1955 வரை ஒன்று, 1955 முதல் 1971 வரை ஒன்று, 1971 முதல் 1974 வரை ஒன்று. 1955-ல் இரண்டு கழுகும் உண்டு, அந்த ஆண்டுக்கு இரண்டு வாங்க வேண்டும். தேய்ந்தது ஐந்து, பத்து பெசோவுக்குக் கிடைக்கும். அச்சிட்டபோதிருந்த செந்நிறம் மாறாதது கிடைப்பதுதான் கடினம். பிரமிடின் படிவரிசைகளும் நடுப் படிக்கட்டும் தனித்தனியாகத் தெரிந்தால் வாங்கலாம். அவை சேர்ந்து மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

செம்பும் வெண்கலமும் விரல் ஈரத்தை மன்னிக்காது. ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். வியர்வை பட்ட இடத்தில் ஆறே மாதத்தில் ரேகை கருப்பாக எழும்பி வரும், பிறகு எதைப் போட்டாலும் போகாது.

வெயிலில் நாலு மணி நேரம். நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில் உள்ளே 30 பெசோ, வாசலுக்கு வெளியே 15. த்லகோயோ என்ற நீலச்சோள அடை, உள்ளே பீன்ஸ் மசியல், மேலே கள்ளித்துண்டும் சீஸும், 35 பெசோ. ருசியில் இந்தப் பயணத்தின் முதல் மூன்றில் வரும்.

பிப்ரவரி 18, ஞாயிறு. லாகுனீயா சந்தை

ஞாயிறன்று மட்டும் கூடும் பழம்பொருள் சந்தை. காலை ஒன்பதுக்கே போய்விட வேண்டும். வியாபாரிகள் துணியை விரித்துப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் பார்த்தவருக்கு நல்லது கிடைக்கும். பதினொன்றுக்குக் கூட்டம். முதலில் ‘புவேனோஸ் தியாஸ்’ சொல்லாமல் நாணயத்தைத் தொட்டால் முகம் மாறிவிடும். வணக்கம் சொல்லி, எடுக்கலாமா என்று சைகையில் கேட்டால், தட்டையே நம் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள். ஒருவர் உட்கார முக்காலியும் கொடுத்தார். 500 பெசோ நோட்டை நீட்டினால் மட்டும் காலையில் யாரிடமும் மீதி இல்லை. ஏ.டி.எம். அந்த நோட்டுகளைத்தான் தருகிறது, முந்தின நாளே மாற்றி வைக்க வேண்டும்.

இங்கே வெள்ளியைத் தரத்தைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். ‘சேரோ சியேத்தே வெய்ந்தே’ என்றால் 0.720, அதாவது ஆயிரத்தில் 720 பங்கு வெள்ளி. அது 1920 முதல் 1945 வரையிலான ஒரு பெசோ, 16.66 கிராம். 160 பெசோ கேட்டார்கள், அன்றைய வெள்ளி விலைக்கு ஒட்டியே இருந்தது. 1947, 1948-ல் வந்த, அஸ்டெக் அரசர் குவாத்தேமோக் படம் போட்ட 5 பெசோ 30 கிராம், 0.900. 1957 முதல் 1967 வரையிலான, விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோஸ் படம் போட்ட பெசோவில் வெள்ளி பத்தில் ஒரு பங்குதான், ஆனால் பார்க்கப் பெரிதாக இருக்கும். அதை ‘வெள்ளிப் பெசோ’ என்று சொல்லி விலை வைப்பதைக் கவனிக்க வேண்டும்.

1968 ஒலிம்பிக் 25 பெசோ எல்லா மேஜையிலும் உண்டு. 22.5 கிராம், 0.720, அன்று விலை 240 முதல் 260. பந்தாட்டக்காரனின் காலுக்குக் கீழே ஐந்து வளையம். எல்லா வளையமும் ஒழுங்காக அமைந்திருந்தால் சாதாரணம், 2 கோடியே 70 லட்சத்துக்கு மேல் அடித்தது. நடு வளையம் சற்று இறங்கியிருந்தால் இரண்டாம் வகை. வளையமும் இறங்கி, முன்பக்கக் கழுகின் வாயிலுள்ள பாம்பின் நாக்கு நீண்டு வளைந்திருந்தால் மூன்றாம் வகை. கடைசி இரண்டும் அரிது, ஆனால் பல மேஜைகளில் மூன்றும் ஒரே குவியலில் ஒரே விலைக்குக் கிடக்கும். பொறுமையாகப் புரட்டுகிறவருக்குக் கூலி கிடைக்கும் இடம் இது.

போலி அதிகம் வரும் நாணயம் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1914-ல் துராங்கோவில் புரட்சிப்படை அடித்த ‘முவேரா உவேர்த்தா’ பெசோ. ‘உவேர்த்தா சாகட்டும்’ என்று அன்றைய ஆட்சியாளரின் பெயரையே பொறித்த நாணயம். ஒரே காலையில் நாலு மேஜையில் நாலு பார்த்தேன். நாலிலும் எழுத்தின் பக்கங்கள் சோப்பு கரைந்ததுபோல் உருண்டிருந்தன, பரப்பில் ஊசிமுனைக் குழிகள். அச்சில் அடித்தால் எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும், வார்த்தால் இப்படித்தான் ஆகும். நம்பகமான சான்று இல்லாமல் அந்த நாணயத்தைத் தொடவே கூடாது.

மதியம் ஒரு தட்டில் எட்டு ரியால்கள். சிலவற்றில் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருக்கின்றன. மெக்சிகோ வெள்ளி மணிலா வழியாகச் சீனத்துக்குப் போனபோது அங்கே சராபுகள் சோதித்துக் குத்தியவை. இதே எட்டு ரியால்கள்தான் ஸ்பானிய டாலர் என்ற பெயரில் சென்னைக்கும் வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நாணயச்சாலை 1808 வாக்கில் வெளியிட்ட, கோபுரம் போட்ட வெள்ளி அரை வராகன்களில் சில, ஸ்பானிய டாலர் மேலேயே மறு அச்சு அடித்தவை. கோபுரத்தின் அடியில் பழைய எழுத்தின் எச்சம் தெரியும்.

பிப்ரவரி 19, திங்கள். குவானஹுவாதோ போகும் வழி

பஸ் ஐந்து மணி நேரம் என்றார்கள், ஏழானது. இறங்கியபோது இருட்டிவிட்டது. திங்களன்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் நஷ்டமில்லை. அறையில் உட்கார்ந்து நேற்றுவரை வாங்கியவற்றைச் சோதிக்க நேரம் கிடைத்தது.

தேவையானவை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல், அவ்வளவே. முதலில் நாணயத்தின் எடை. பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 0.903 வெள்ளிக்கு 10.3, 0.720-க்கு 10.0. எட்டு ரியால் 27.07 கிராம், தண்ணீரில் 2.63 காட்ட வேண்டும். செம்பு நிக்கல் போலியாக இருந்தால் 3.04 வரை போகும். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் அதைத் தடுக்கும். முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் அலசி, துடைக்காமல் பஞ்சில் ஒற்றி எடுக்க வேண்டும்.

முதல் சுற்றில் எல்லா நாணயமும் 0.3 கிராம் அதிகம் காட்டியது. பேட்டரி இறங்கியதுதான் காரணம். எல்லாமே ஒரே அளவு தப்பினால் குற்றம் தராசில் என்று முடிவு செய்யலாம். லிபெர்தாத் என்ற மெக்சிகோவின் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் ஒன்று கையில் இருந்தால் சரிபார்க்க உதவும், 31.10 காட்ட வேண்டும்.

இன்னொரு வேலையும் இருந்தது. சந்தையில் கொடுத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளை உடனே தூக்கிப் போட வேண்டும். அந்த பி.வி.சி. நாளடைவில் கசிந்து, நாணயத்தின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். படிந்துவிட்டால் சுத்தமான அசிட்டோனில் ஊறப்போட்டு எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. எலுமிச்சை, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். பளபளவென்று தேய்த்த எட்டு ரியாலுக்கு இங்கே பாதி விலைகூடக் கிடைக்காது. ‘லிம்பியாதா’, அதாவது கழுவியது, என்று சொல்லித் திருப்பி வைத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய். குவானஹுவாதோ

மலைச்சரிவில் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கிய வீடுகள், ஊருக்கு அடியில் சுரங்கச் சாலைகள். மேலே வலென்சியானா, ஒரு காலத்தில் உலகத்துக்கே வெள்ளி கொடுத்த சுரங்கம். பக்கத்தில் சுரங்க முதலாளிப் பணத்தில் எழுந்த சான் கயேதானோ கோவில், உள்ளே தங்கத் தகடு போர்த்திய பலிபீடங்கள்.

1810-ல் விடுதலைப் போர் வெடித்தபோது சுரங்கத்துக்கும் தலைநகருக்கும் நடுவே வெள்ளி வண்டிகள் போக முடியவில்லை. அதனால்தான் சுரங்க ஊர்களிலேயே நாணயச்சாலைகள் முளைத்தன. சக்காத்தேகாஸ் 1810, குவானஹுவாதோ 1812. குடியரசு வந்த பிறகும் அவை நிலைத்து, தொப்பியும் கதிரும் போட்ட எட்டு ரியாலைப் பதினான்கு ஊர்கள் அடித்தன. ஒரே படம், ஒரே எடை. ஊரைச் சொல்வது கீழே ஒரு குட்டி எழுத்து.

சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் 900 பெசோவுக்கு ஒன்று கிடைத்தது. லூப்பில் கதிருக்குக் கீழே இடமிருந்து வலமாகப் படித்தால்: எட்டு, ஆர். அடுத்து ஜீ, அதன் தலையில் குட்டி ஓ. 1894. பிறகு ஆர், எஸ். கடைசியில் 10 டி, 20 ஜீ. எட்டு ரியால், குவானஹுவாதோ, ஆண்டு, தர ஆய்வாளரின் எழுத்து, 10 தினேரோ 20 கிரானோ தரம். முழுச் சுத்த வெள்ளி 12 தினேரோ, ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ. 288-ல் 260 பங்கு என்றால் 0.9027. தரத்தைத் தன்மேலேயே எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போன காசு, அதனால்தான் கடல் தாண்டியும் செல்லுபடியானது. தேய்மானத்தை மதிப்பிட முதலில் தொப்பியைப் பாருங்கள். அதிலுள்ள ‘லிபெர்தாத்’ எழுத்து முழுதும் தெரிந்தால் நல்ல நிலை. ஆனால் சில ஊர்களின் அச்சு பிறக்கும்போதே மெலிந்தது. அங்கே எழுத்து மங்கியிருந்தாலும் கழுகின் மார்புச் சிறகு கூர்மையாக இருந்தால் அது தேய்ந்த நாணயம் இல்லை.

இரவு என்சிலாதாஸ் மினேராஸ், சுரங்கத் தொழிலாளர் பெயரால் வழங்கும் சாப்பாடு. மிளகாய்ச் சாந்தில் தோய்த்த சோள ரொட்டி, மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும். 110 பெசோ.

பிப்ரவரி 21, புதன். பயணம்

லியோனில் பஸ் மாறி சக்காத்தேகாஸ். வழியெல்லாம் கள்ளியும் செம்மண்ணும். இறங்கியதும் காற்று காதை அறுத்தது.

பிப்ரவரி 22, வியாழன். சக்காத்தேகாஸ்

இளஞ்சிவப்புக் கல் ஊர். இங்கே பழைய நாணயச்சாலை இடியாமல் நிற்கிறது. சக்காத்தேகாஸ் அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது. உயிச்சோல் மக்களின் பின்னல் வேலைகளும் தகரத்தில் வரைந்த வேண்டுதல் படங்களும் வைத்திருக்கிறார்கள், நாணயம் தேடி வந்தவரையும் ஒரு மணி நேரம் பிடித்து நிறுத்திவிடும். 1905-ல் இந்தச் சாலை மூடும்வரை வந்த இசட், எஸ் குறியிட்ட எட்டு ரியாலும் பெசோவும் சந்தையில் மலிவாகவே கிடைக்கும். ஊர்வாரியாகப் பதினான்கைச் சேர்க்க நினைப்பவர் இதில் தொடங்கி, மெக்சிகோ நகரம், குவானஹுவாதோ என்று போகலாம். குவாதலூபே இ கால்வோ, ரியால் தே கத்தோர்சே போன்ற குறுகிய காலம் ஓடிய சாலைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் போலியும் அதிகம், விலையும் அதிகம்.

இணையத்தில் 20 பெசோ நினைவு நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை போட்டிருப்பதைக் காட்டி, இங்கேயும் ஒரு இளைஞர் கேட்டார். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. புரட்சித் தலைவர் ஸபாத்தா படம் போட்ட பன்னிரண்டு முனை 20 பெசோவை நான் தேநீருக்குக் கொடுத்த நோட்டின் மீதியில் வாங்கினேன்.

மூட்டை கட்டும்போது ஒன்று கவனம். நாணயங்களை ஒரே உருளையில் அடுக்கினால் விமான நிலைய எக்ஸ்ரேயில் கருங்கட்டியாகத் தெரியும். அட்டைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, தட்டையாகப் பரப்பி, கைப்பையின் மேலடுக்கில் ரசீதுகளோடு வைத்தாயிற்று. ஸ்டேப்ளர் ஊசிகளின் முனையை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து நாணயத்தைக் கீறும். வெளியே இன்னும் அதே காற்று. தெருமுனையில் சூடான கோர்திதா, ஒன்று 22 பெசோ. மீதி மூன்று பெசோவில் ஒரு 2 பெசோ நாணயம், நாள்களின் வளையம்.